ஐந்து பறவைகளின் செவ்வாய்க்கிழமை

ஒன்று போதாது. சனிக்கிழமை மேசையில் சுரேஷ் கேட்டபோது நான் சிரித்துச் சமாளித்தேன். பருப்பை அவன் பக்கம் தள்ளினேன். நீ பேச்சை மாற்றினாய். ஒரே இனம், ஒரே நிறம், ஒரே அளவு. அதில் நாற்பது பறவைகளை ஓர் இழுப்பறைக்குள் அடுக்கி வைத்திருப்பது ஏன், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தால் என்ன என்று கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு கிழமையில் மருமகனாகப் போகிறவனுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவன் அம்மாவும் அன்று பார்த்துக்கொண்டுதான் இருந்தா. பாபடோயிட்டோயில் டெய்ரி வைத்திருக்கிறவ, பாலும் பேப்பரும் மிட்டாயும் விற்கிறவ, வரும்போது எனக்கென்று கடையிலிருந்து மூன்று சவர்க்காரக் கட்டி கொண்டுவந்தா. செத்த பறவைகளைத் தொடுகிற கை என்று நீ சொல்லிவைத்திருக்கிறாய் போல. நான் அதைக் குறையாக எடுக்கவில்லை. நல்ல சவர்க்காரம். அன்றிலிருந்து அதில்தான் கை கழுவுகிறேன்.

பதில் நீளமானது. முதல் பாதியை நீ அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டலாம். மறு பாதி உனக்கு. அதை வாசித்த பிறகு யாரிடம் காட்டுவது என்பதையும் நீயே முடிவு செய். தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய், விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டு. இதை அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

நீ சின்ன வயதில் ஒரு தடவை என் அறைக்கு வந்திருக்கிறாய். மியூசியத்தின் கீழ்த்தளம். மேலே பார்வையாளர்கள் நடக்கிற சத்தம் கூரையில் கேட்கும். சன்னல் இல்லை. இரும்புப் பெட்டிகள் வரிசையாக, ஆளுயரத்துக்கு மேலே. பூச்சி உருண்டை மணம். இழுப்பறையைத் திறந்தால் பறவைகள் மல்லாந்து கிடக்கும், சிறகு ஒடுக்கி, கால் பின்னி, கண் இருந்த இடத்தில் பஞ்சு. கால்களில் நூலால் கட்டிய ஒரு சிறு லேபிள். நீ பார்த்துவிட்டு, அம்மா, இதுகள் நித்திரையோ என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் இவ்வளவு கவனமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாய். அதற்கும் அன்று பதில் சொல்லவில்லை. கேள்விகளைத் தள்ளிப்போடுவது எனக்குப் பழக்கம்.

பிரயன் என்று இங்கே சொல்கிற ஒரு கடற்பறவை இருக்கிறது. புறாவைவிடச் சிறியது. முதுகு சாம்பல் நீலம், மழை வரப்போகிற கடலின் நிறம். முட்டையிட மட்டும் தீவுகளில் இறங்கும், மற்றபடி வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேலேதான். அலகின் உட்புறத்தில் சீப்பு மாதிரி மெல்லிய பற்கள். அதால் கடலை வடிகட்டித் தின்னும். ஒரு பறவையை மட்டும் கையில் எடுத்தால் பிரயன் என்றால் இதுதான் என்று தோன்றும். நாற்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த நிச்சயம் போய்விடும். ஒன்றின் அலகு அகலம், ஒன்றுக்கு ஒடுங்கல், ஒன்றுக்கு இரண்டுக்கும் நடுவில். இது குஞ்சா, கிழமா, வேறு தீவா, வேறு இனமேதானா. பட்டினி கிடந்த வருடத்துப் பறவைகள் ஒரு மாதிரி, நிறைந்த வருடத்துப் பறவைகள் இன்னொரு மாதிரி. நாற்பதும் நாற்பது விதம். அந்த விதங்களுக்கு நடுவில்தான் இனம் என்று நாம் சொல்கிற ஒன்று இருக்கிறது, எந்த ஒன்றிலும் தனியாக இல்லை. முதல் தடவை அது எனக்கு விளங்கிய பிற்பகல் நினைவிருக்கிறது. தேத்தண்ணி ஆறிப்போனது. இழுப்பறைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தபோது ஒரு தவளையை வெட்டி, ஒரு கரப்பானை வெட்டி, உலகம் தெரிந்துவிட்டது என்று நினைத்தவள் நான்.

இன்னொன்றையும் சுரேஷுக்குச் சொல். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு கப்பல்காரன் பிடித்துத் தோலுரித்த பறவையின் இறகில், அவனுக்குப் பெயரே தெரியாத ஒரு நஞ்சை இன்றைக்கு அளக்கிறார்கள். என்ன கேள்வி வரும் என்று தெரியாமலே ஒருத்தன் விடையை எடுத்து வைத்திருக்கிறான். என் வேலை அதுதான். இன்னும் கேட்கப்படாத கேள்விக்காகப் பஞ்சை மாற்றுவது, பூச்சி வராமல் பார்ப்பது, இழுப்பறையை மெதுவாக மூடுவது. இதைவிடச் சந்தோஷமான வேலை எனக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால், நான் பறவைகளைக் குற்றம் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். பறவைகள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இதெல்லாம் அந்த லேபிளில் தொங்குகிறது. எங்கே, எந்த நாள், யார் எடுத்தது. மூன்று வரி. அது இல்லாவிட்டால் மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் அழகுக்கு வைக்கலாம், வேறு எதற்கும் உதவாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அட்டைகளைத் தட்டச்சு செய்கிறவளாக, ஒரு பழைய லேபிளில் தீவின் பெயர் பிழை என்று கண்டுபிடித்தேன். பெருமையாக இருந்தது. சுத்தமான புது லேபிளை எழுதிக் கட்டினேன், பழையதைக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்போது பொறுப்பாக இருந்த காப்பாளர் ஒரு வெள்ளைக்காரர், நெடுப்பமான மனிதர், அதிகம் பேசமாட்டார். கூடையைக் கவிழ்த்து, முழங்காலில் நின்று, தோடம்பழத் தோலுக்கும் பென்சில் சீவலுக்கும் நடுவில் அதைத் தேடி எடுத்தார். துடைத்தார். என் புது லேபிளுக்கு மேலே, முதலில் இருந்த இடத்திலேயே கட்டினார். பிழையை அவிழ்க்கக் கூடாது என்றார். பிழையும் ஒருவர் எழுதியது. சரியானதைக் கீழே கட்டு, திருத்தியது யார், எந்த நாள் என்று போடு. அதோடு தன் மேசைக்குப் போய்விட்டார். திட்டவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இனி உன் பாதி.

அப்பாவுக்கு என் வேலை பிடிக்காமல் இல்லை. வீட்டுக்கு வருகிற பறவைகள்தான் பிடிக்காது. மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் முரிவாய்க் கடற்கரையில் பறவைகள் ஒதுங்கும். களைத்து, நனைந்து, செத்து, அலை விட்ட கோட்டில் பாசியோடு பாசியாக. அவற்றைப் பொறுக்குவதற்குத்தான் உன்னையும் ஞாயிறுகளில் இழுத்துக்கொண்டு போனேன். கறுப்பு மணல் உனக்குக் கால் சுடும், குளிர்காலத்தில் கால் விறைக்கும், இரண்டுக்கும் அழுவாய். கொண்டுவந்ததை மியூசியத்துக்குக் கொண்டுபோகும் வரை எங்கள் குளிர்ப்பெட்டியில் வைப்பேன், அப்பா வேலை செய்த பேக்கரியின் பாண் பைகளுக்குள் சுற்றி. அவர் அதைத் திறந்துவிட்டு நின்று, இஞ்சாரும், இண்டைக்கு எதைக் கறி வைக்கிறது, கால் கட்டினதையோ கட்டாததையோ என்று கேட்பார். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இங்கே பிற்பகல் முறையில் பாண் தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பகிடி இருக்கும் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் பஜனை. வந்தவர்களின் பிள்ளை ஐஸ் எடுக்கப் போய் அல்பட்ரோஸ் என்கிற பெரிய கடற்பறவையின் தலையைக் கண்டு கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரிப்பை அடக்க முடியாமல் பின்வளவுக்கு ஓடினாய். எல்லாரும் போன பிறகு அப்பா சிரிக்கவில்லை. சனம் பார்த்தது ஒரு பக்கம். அவருடைய பயம் வேறு. நீர் தனியப் போறீர், அலை இழுத்துக்கொண்டு போனா ஆருக்குத் தெரியும், எந்தக் கரையிலை எண்டு தேடுறது என்று கேட்டார். இனிக் கடற்கரைக்குப் போகவேண்டாம் என்றார். போகமாட்டன் என்று சொன்னேன். சட்டென்று, சுலபமாக, அந்தப் பேச்சு முடியட்டும் என்று. உள்ளே ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

போனேன். ஒரு தடவை இல்லை. வேலைக்கு என்று கிளம்பி, காற்று நின்ற காலைகளில். காப்பாளர் வெளியூர் போயிருந்தால் கீழ்த்தளத்தில் என்னைத் தேட யாரும் இல்லை. ஒன்பதரைக்குக் காரை எடுத்தால் பிற்பகல் இரண்டுக்குத் திரும்பிவிடலாம். அவருக்கும் தெரியாது, மியூசியத்துக்கும் தெரியாது. உலகத்தில் யாருக்குமே நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாத அந்த நாலு மணித்தியாலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெறும் பறவைக்காக என்று சொன்னால் பாதி பொய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாய். பதினாறு வயது. அப்பா முந்திய நாள் பிந்தி வந்தவர், நித்திரை. இரண்டு பேருக்கும் கஞ்சி வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போறன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஞாயிறு பின்னேரம் தொடங்கிய காற்று அன்று விடியத்தான் அடங்கியிருந்தது. முரிவாயில் அலை நன்றாக இறங்கியிருந்தது. கரையில் ஒருவரும் இல்லை. நூறு மீற்றர் நடப்பதற்குள் முதல் பிரயன். பிறகு இன்னொன்று. மொத்தம் ஐந்து, கடல் அப்போதுதான் கையை விட்டது போல, இறகு கலையாமல். ஐந்தாவதைத் தூக்கி, திருப்பித் திருப்பி அலகைப் பார்த்தேன். அவ்வளவு அகலமான அலகை எங்கள் இழுப்பறை எதிலும் நான் பார்த்ததில்லை. தெற்கே வெகு தூரத்துத் தீவுகளின் பறவை. மணலில் மண்டியிட்டு, கடலைப் பார்த்து, நான் வாய்விட்டுச் சிரித்தேன். மணி பத்தேமுக்கால் இருக்கும். நீ பிறகு சொன்னதை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறேன். அப்பா குசினியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

நீ அம்புலன்ஸுக்கு அடித்தாய். பிறகு தொலைபேசியின் பக்கத்தில் நான் ஒட்டிவைத்திருந்த பறவை அறை இலக்கத்துக்கு அடித்தாய். அது வெறும் அறையில் அடித்தது. வாசலில் அம்புலன்ஸ் வந்ததும் ரிசீவரை வைத்துவிட்டாய். வண்டிக்குள் அப்பா உன்னிடம், அவவைக் குழப்பாதை, வேலையிலை இருப்பா என்று சொன்னதாகச் சொன்னாய். கடைசியாக அவர் என்னைப் பற்றிச் சொன்னது அது. அவர் என்னை நம்பினார்.

இரண்டு மணிக்கு நான் பறவை அறைக் கதவைத் திறந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. கையில் பாண் பைகள். ஆஸ்பத்திரித் தாதி பேசினா. நீதான் இலக்கத்தைக் கொடுத்திருந்தாய். உடனே வாருங்கள் என்றா. நான் ஓம் என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். பிறகு பறவைகளை அந்த அறையின் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன். ஒவ்வொன்றாக, ஒன்றின் மேல் ஒன்று அழுத்தாமல். அதற்குப் பிறகுதான் ஓடினேன். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பூங்காவைக் குறுக்கே கடந்தால் ஆஸ்பத்திரி. நடந்தே போகலாம், பத்து நிமிடம்கூட இல்லை. காலையிலிருந்து நான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் அவருக்கு முன்னாலேயே வாசலில் நின்றிருப்பேன். நான் போய்ச் சேர, அவர் உயிர் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அவர் தலைமயிர் ஒரு பக்கம் கட்டையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ வெட்டியது.

நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். உன் முகம் காய்ச்சலில் கொதித்தது. அம்மா, உங்களிலை மியூசியம் மணக்குது என்றாய். அது மியூசியம் இல்லை. புதிதாகச் செத்த கடற்பறவையின் எண்ணெய் மணம். பிறகு ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்தோம். என் சப்பாத்துக்குள் கறுப்பு மணல் அரைபட்டது. காலை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"நான் அடிச்சனான் அம்மா. நெடுக அடிச்சது. நீங்கள் எடுக்கேல்லை."

"பின்னுக்கு நிண்டனான் பிள்ளை. பெட்டியளுக்குப் பின்னாலை. மணி கேக்கேல்லை."

நீ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாய். இன்னும் கொஞ்ச நேரம் அடிக்க விட்டிருக்கோணும் என்றாய். நான் உன் தலையைத் தடவினேன்.

"பரவாயில்லை," என்றேன்.

எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். உன்னை நடன வகுப்பிலிருந்து நிறுத்தியது, உன் சிநேகிதியை அவளுக்குக் கேட்கும்படி குறை சொன்னது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சமாதானம் இருக்கும். இந்த ஒரு சொல்லுக்கு இல்லை. செய்தது நான். நான் உன்னை மன்னித்தேன். நீயும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாய்.

காப்பாளர் அடுத்த கிழமை வெளியூரிலிருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்தவர் அந்த அகல அலகைப் பார்த்துவிட்டார். துக்கவீட்டில் சிரித்துவிட்டவர் போல வாயை மூடிக்கொண்டு, எப்போது கிடைத்தது என்று கேட்டார். செவ்வாய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. செவ்வாய் என்ன நாள் என்று அந்தக் கட்டிடம் முழுக்கத் தெரியும். ஞாயிறு என்றேன். பிறகு தோலுரித்து, பஞ்சடைத்து, கால் பின்னி, ஐந்து லேபிள் எழுதினேன். ஐந்திலும் ஞாயிற்றுக்கிழமைத் திகதி. அழியாத மை, அதற்கென்றே வைத்திருப்பது. பதிவேட்டிலும் ஐந்து வரி. என் எழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த ஞாயிறு நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் ஏவன்டேல் சந்தைக்குப் போனோம். அப்பா தூக்க முடியாத ஒரு பூசணிக்காயை வாங்கி, அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். இலை அசையவில்லை. உடுப்பெல்லாம் கொடியில் நேராகத் தொங்கியது. பின்வளவில் கதிரை போட்டு, நீ அவர் தலைமயிரை வெட்டினாய், அவர் கண்ணாடி கேட்கக் கேட்கக் கொடுக்காமல். அதுதான் எங்கள் கடைசி ஞாயிறு. மியூசியத்தின் பதிவேடு சொல்கிறது, அன்று நான் தனியாக முரிவாய்க் கடற்கரையில் நின்றேன் என்று. ஒரு செவ்வாயை மறைக்கப் போய் அந்த ஞாயிறையும் கொடுத்துவிட்டேன்.

ஆறு வருடமாக அந்த இழுப்பறையை நான்தான் பார்க்கிறேன். காப்பாளர் ஓய்வு பெற்ற பிறகு அவர் கதிரையும் எனக்கு வந்தது. புதிதாக வருகிற மாணவர்களுக்கு நான் சொல்கிற முதல் வாக்கியம், நாள் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, ஊகிக்காதே. சொல்லும்போது அந்த ஐந்தும் கிடக்கிற ஏழாவது பெட்டியின் பக்கம் திரும்ப மாட்டேன்.

திரும்பவும் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு நீ பூக்காரருக்குத் தொலைபேசி அடித்தாய். நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். சுரேஷ் என்னைப் பார்த்து, ஆன்ட்டி, இவள் வைக்க மாட்டாள், அந்த ஆள் ஃபீஜியில் இருந்தாலும் பிளேன் பிடித்து வந்து எடுக்க வேண்டும் என்றான். அவன் அம்மா குலுங்கிச் சிரித்தா. நானும் சிரித்தேன். நீ ரிசீவரைக் காதில் வைத்தபடியே, ஆங்கிலத்தில், மெதுவாக, ஒரு தடவை அவசரப்பட்டு வைத்துவிட்டேன் என்றாய். அவ்வளவுதான். அவனுக்கு விளங்கவில்லை. நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன், தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அது வரை எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நீ எங்கே அடித்தாலும் நெடுநேரம் விடுவாய் என்பதைக் கண்டிருக்கிறேன். பொறுமைசாலி என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை தபாலில் ஒரு கடிதம். தெற்கே ஒரு பல்கலைக்கழக மாணவி, உன் வயதுதான் இருக்கும். கரை ஒதுங்கிய பிரயன்களையும் காற்றையும் பொருத்திப் பார்க்கிறாள். நாடு முழுக்க எல்லா மியூசியத்தின் பறவைகளும் மேற்குக் காற்றுக்குப் பிறகுதான் வந்திருக்கின்றன. எங்களுடைய ஐந்து மட்டும் காற்று தொடங்குவதற்கு முன்பே, அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கின்றன. அது ஏன் என்று விளக்க ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள். கவனமாக யோசித்து, அழகாக. பறவைகளுக்குப் புயல் முன்கூட்டியே தெரிந்திருக்குமோ என்று கேட்கிறாள். பொறுப்பாளர் என்ற முறையில் திகதியை உறுதிப்படுத்த முடியுமா என்று முடித்திருக்கிறாள். நான் அதை வாசித்துவிட்டு அந்தப் பிள்ளைக்காக வெட்கப்படவில்லை. அவள் செய்தது சரி. பிழையான ஒரு நாளைக் கொடுத்தால் நல்ல மூளை அதைச் சுற்றி ஒரு காரணத்தைக் கட்டத்தான் செய்யும். நீயும் அதைத்தான் செய்தாய். மணி அடித்தது, அம்மா அறையில் இருந்தா, எடுக்கவில்லை; அப்படியென்றால் நான் போதிய நேரம் விடவில்லை. நான் கொடுத்ததை வைத்துக்கொண்டு நீ சரியாகத்தான் கணக்குப் போட்டாய். அப்பாவின் பிள்ளை.

ஆகவே இப்போது சொல்கிறேன். நீ அவசரப்படவில்லை. நாள் முழுக்க விட்டிருந்தாலும் ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள். அந்த அறை வெறுமையாக இருந்தது. நான் முரிவாயில் இருந்தேன்.

கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டிய புத்தியை எல்லாரும் உனக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உனக்கு உயிராக இருக்கிற ஒன்றை, ஒரு சண்டையை முடிப்பதற்காக விட்டுவிடுகிறேன் என்று சொல்லாதே. நான் அன்று, போவன், எனக்கு அது வேணும் என்று சொல்லியிருந்தால் அப்பா கோபித்திருப்பார். இரண்டு நாள் என்னோடு கதைத்திருக்க மாட்டார். மூன்றாம் நாள் அலை ஏறி இறங்குகிற நேரத்தைப் பேப்பரில் பார்த்து, கட்டம் போட்டு, எந்தெந்த நாள் போகலாம் என்று எழுதித் தந்திருப்பார். கணக்கு வாத்தியார். அந்தத் தாளைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருப்போம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை உனக்குத் தெரிந்திருக்கும், அம்மா எந்தக் கரையில் என்று. அப்பா அப்போதும் போயிருக்கலாம். நான் அப்போதும் பிந்தியிருக்கலாம். ஆனால் நீ ஆறு வருடம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாய்.

எங்கே போகிறாய் என்று சுரேஷிடம் சொல்லிவிட்டுப் போ. கேட்டுக்கொண்டு போகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுப் போ. அவனையும் அப்படியே பழக்கு. பிழை விட்டால், விடுவீர்கள், அதை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதிதாக எழுதியது போல நடக்காதீர்கள். பழையது தெரியட்டும். கீழே சரியானதைக் கட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். சில பறவைகளின் காலில் நாலு லேபிள் தொங்கும், நாலு கையெழுத்து, நாலு மை. அந்தப் பறவைகளில்தான் எனக்கு அதிகம் நம்பிக்கை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. அந்தச் சொல்லை நான் ஒரு தடவை தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் இப்போது அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் என்னோடு கதைக்க வேண்டாம் என்று தோன்றினால் கதைக்காதே. முன்னுக்கு வரவேண்டாம் என்றால் பின்வரிசையில் நிற்பேன், அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் இருப்பேன். ஆனால் இது பொய்யில்லாமல் உன் கையில் இருக்க வேண்டும், நீ எங்கள் வீட்டை விட்டுப் போவதற்கு முன்.

எழுதி முடிக்கும்போது புதன்கிழமை, காலை பதினொன்று. பேனையை மூடிவிட்டு ஏழாவது பெட்டியைத் திறந்தேன். ஐந்து லேபிள் எழுதினேன்: முரிவாய், செவ்வாய்க்கிழமைத் திகதி, எடுத்தவர் என் பெயர், முந்திய திகதி பிழை, பிழை என்னுடையது, இன்றைய நாள். பழையவற்றின் கீழே கட்டினேன். பதிவேட்டின் ஐந்து வரிகளுக்கும் பக்கத்தில் அதையே எழுதினேன். அந்த மாணவிக்கு நாலு வரி எழுதி உறையில் போட்டேன். உன் கடிதத்தைத் திரும்ப எடுத்து இந்த வரிகளையும் சேர்க்கிறேன், இனி வேறு உறையில் போடுவேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு மேலே போய், வரவேற்பு மேசையில் இருக்கிற பெண்ணிடம், தபால்நிலையத்துக்குப் போகிறேன், இருபது நிமிடத்தில் வந்துவிடுவேன், பிறகு ஐந்து மணி வரை கீழே பறவை அறையில் இருப்பேன், மகள் தொலைபேசி அடித்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன்.